வாங்க என்று சொல்லாத வயிறு

2016 பிப்ரவரி 7, ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டேகால் மணிக்கு, செம்மாம்பாளையம் செல்லாண்டியம்மன் மண்டபத்தில் முதல் பந்திக்கு உட்கார்ந்திருந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேரில், உள்ளே போன இட்லிக்கு 'வாங்க' என்று முதலில் சொன்ன வயிறு கோகிலவாணியுடையது. அவளுக்கு அப்போது இருபத்தேழு வயது. ஆறு விசைத்தறி வைத்திருந்த பூபதியின் மனைவி. சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து வருகிற மாதிரி, கொஞ்சம் கரகரத்து, ஆனால் மரியாதை குறையாமல் வந்தது அந்தக் குரல். அடுத்த இலையில் இருந்தவர் தனக்குத்தான் சொல்கிறாள் என்று நினைத்து, 'வந்தனுங்க, நல்லா இருக்கறீங்களா?' என்றார். அதற்குள் அவர் வயிறும் சொல்லிவிட்டது. பொங்கல் வாளி பந்தியின் கடைசிக்குப் போவதற்குள் எல்லா வயிறும் சொல்லி முடித்திருந்தன.

யாரும் எழுந்து ஓடவில்லை. சமையல்காரர் அர்த்தனாரி மட்டும் கரண்டியோடு வெளியே வந்து, அந்த வாங்க பண்டத்துக்கா, பண்ணியவனுக்கா என்று கேட்டார். பண்டத்துக்குத்தான் என்று பெரியவர்கள் சொன்னதும், அப்படியானால் சரி, தனக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அந்தப் பக்கத்தில் கல்யாண வீட்டு வாசலில் நிற்கிறவர் கூட்டத்தில் ஒரே ஒரு ஆளுக்கு வாங்க சொல்லத் தவறியதற்காகப் பதினாறு வருஷம் பேசாமலிருந்த பங்காளிகள் உண்டு, 'வான்னு ஒரு வார்த்தை சொல்லலையே' என்று சொல்லிக்கொண்டே செத்துப்போனவர்கள் உண்டு. அப்படிப்பட்ட ஊரில் வயிறு மட்டும் இத்தனை காலம் வந்தவருக்கு வாங்க சொல்லாமல் இருந்ததுதான் ஆச்சரியம் என்று, அன்று கை கழுவுகிற இடத்திலேயே முடிவாகிவிட்டது.

மற்றதெல்லாம் பழக்கமாயிற்று. கறிக்கு இரண்டு வாங்க, ரசத்துக்கு ஒன்று, மாத்திரைக்கு அரைகுறையாக ஒன்று. வங்கிக்கு மாற்றலாகி வந்த மேனேஜரின் வயிறு ராகிக்களிக்கு மூன்று வாரம் 'யாரு?' என்று கேட்டது, நான்காவது வாரம் வாங்க என்றது. தறிக்கு வேலைக்கு வந்த ஒடிசாக்காரர்களின் வயிறுகள் சாம்பாரை முதலில் தங்கள் பாஷையில் விசாரித்தன. தினம் ஒரு கரண்டி, தினம் ஒரு கரண்டி என்று போனதில் ஒரு மாதத்துக்குள் தமிழிலேயே வரவேற்றன, அதுவும் 'வாங்கோ' என்று இழுத்து. ஆறு மாதக் குழந்தைக்கு முதல் சோறு ஊட்டும் நாளில் உறவெல்லாம் கூடி, அந்தச் சின்ன வயிற்றில் 'ங்க' மட்டுமாவது கேட்கிறதா என்று காது வைத்தார்கள். பெண் பார்க்க வந்தவர்களுக்குப் பஜ்ஜியைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை வயிறே சொல்லட்டும் என்று பெண் வீட்டார் சும்மா இருந்தார்கள். இப்படியே ஒன்றரை வருஷம் போயிற்று. அந்த ஒன்றரை வருஷமும் ஊரில் தெளிவாக வாங்க சொல்கிற வயிறு எது என்று கேட்டால் கோகிலவாணியுடையது என்றுதான் சொன்னார்கள். அவள் மாமியார் மாராத்தாள் அதைத் தன் வீட்டு வாசலுக்குக் கிடைத்த பேர் என்று எடுத்துக்கொண்டார்.

2017 செப்டம்பர் 3, பூபதியின் தம்பி கதிர்வேலுவுக்குக் கல்யாணம். மாராத்தாளின் அண்ணன் நாச்சிமுத்து தாய்மாமன் சீரோடு தன் எருமைகளின் தயிரை முப்பது பானையில் கொண்டுவந்து இறக்கினார். எதிரெதிர் வரிசையில், கோகிலவாணியின் இலைக்கு நேர் எதிரில் அவர் உட்கார்ந்தார். கடைசியாகத் தயிர் வந்தது. அவள் பிசைந்து ஒரு வாய் உண்டாள். மேளக்காரர்கள் தவிலை உறையில் போட்டுக்கொண்டிருந்த நேரம், மண்டபத்தில் சத்தமில்லை.

'யாரு?' என்றது அவள் வயிறு.

இரண்டாவது வாய்க்கு இன்னும் உரக்கக் கேட்டது. புதிதாகப் பார்க்கிற பண்டம் என்றால் பரவாயில்லை. அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஆறு வருஷம் தின்ற தயிர் அது. நல்ல காரியத்தில் இலையைத் தன் பக்கம் மடிக்கிற வழக்கம் தெரிந்த நாச்சிமுத்து, சாவு வீட்டில் மடிக்கிற மாதிரி எதிர்ப்பக்கம் மடித்து வைத்துவிட்டு எழுந்தார். அவரோடு அவர் மனைவி எழுந்தார், மகள் இந்துமதி எழுந்தாள், அவர் பக்கத்து நாற்பது பேர் எழுந்தார்கள். முப்பது பானையில் மீந்த பதினெட்டுப் பானையும் வந்த டெம்போவிலேயே திரும்பிப் போயின.

ஊர் அறியாத ஒன்று இருந்தது. அந்தக் கல்யாணத்துக்கு நான்கு மாதம் முன்பிருந்தே கோகிலவாணிக்கு மலத்தோடு ரத்தம் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாளைக்கு மூன்று தடவையாக இருந்தது ஏழாயிற்று, பதினொன்றாயிற்று. பூபதிக்கு மட்டும் சொன்னாள். சூடு என்றான். வெந்தயம் ஊறவைத்துக் குடித்தாள், மாதுளைத் தோல் கஷாயம் குடித்தாள், மூலத்துக்கு மருந்து வாங்கித் தின்றாள். ஒவ்வொன்றுக்கும் வயிறு யாரு, யாரு என்றது.

மாராத்தாளுக்கு வேறு பயம். அறுபத்தெட்டு வயதில், சர்க்கரையும் ரத்தக்கொதிப்புமாக, தான் செத்தால் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைக் கொண்டுவந்து போர்த்த வேண்டிய ஒரே அண்ணன், வாசலை மிதிக்க மாட்டேன் என்று போய்விட்டார். மருமகள் மேல் மாராத்தாளுக்குக் கோபமில்லை. வயிற்றுக்கு மரியாதை மறந்துபோயிற்று, பழக்கினால் வரும் என்று நினைத்தார். அண்ணன் வீட்டிலிருந்து பால்காரர் மூலம் யாருக்கும் தெரியாமல் தயிர் வரவழைத்து, காலையும் மாலையும் ஒரு டம்ளர், வாங்க சொல்லு, வாங்க சொல்லு என்று வயிற்றைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே கொடுத்தார்.

'அத்தை, அது என்ற பேச்சக் கேக்காதுங்க.'

'கேக்கும் அம்முணி. ஒடிசாக்காரன் வயிறே கேக்குது.'

நவம்பரில் பூபதி அவளைக் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனான். குடல் வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஹமீதா அவளைப் படுக்கவைத்து, இரண்டு வாய் பிஸ்கட் தின்னச் சொல்லி, வயிறு கேட்ட கேள்வியைக் கேட்டுக்கொண்டு, எழுதிக்கொண்டார்.

'மரியாதையெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும்,' என்றார். 'நம்ம உடம்புல நோயைத் தடுக்கற காவல்ல பாதிக்கு மேல குடல்லதான் நிக்குது. தினமும் கிலோக்கணக்குல அந்நியம் உள்ள வருது, அரிசி, பருப்பு, எருமைத் தயிர். இந்தக் காவலுக்கு அடிக்கற வேலை கம்மி, பார்த்து விடற வேலைதான் ஜாஸ்தி. விடக் கத்துக்கிட்ட காவல்தான் நல்ல காவல். புதுசா ஒண்ணு வந்தா யாருன்னு கேக்கும், தினமும் பார்த்தா விட்டுடும். அது நோயில்லை. உங்க மனைவிக்கு நடக்கறது வேற. பிறந்ததுலருந்து குடல்ல குடியிருக்கற கிருமிங்க கோடிக்கணக்குல இருக்கு, நல்லதுங்கதான், அதுங்களையே இந்தக் காவல் யாருன்னு கேட்டு அடிக்குது. அடி அதுங்க மேல விழறதைவிடச் சுவர் மேல விழுது. ரத்தம் அந்தச் சுவரோடது.'

'எதனாலங்க அப்படி ஆகுது? எங்க மாமன் ஊட்டுத் தயிராலயா?' என்றான் பூபதி.

'முழுசா யாருக்கும் தெரியாது. பிறவியில கொஞ்சம், வாழற விதத்துல கொஞ்சம். தயிர் ஒண்ணும் பண்ணலை. உங்க மாமாவும் ஒண்ணும் பண்ணலை. கேள்வி கேட்டு, ரத்தமும் போச்சுன்னா உள்ளே குழாய் விட்டுப் பார்த்தே ஆகணும். பார்த்தா மருந்து இருக்கு. தள்ளிப்போடாதீங்க.'

தேதி கொடுத்தார். அந்தத் தேதியில் தறிக்கு ஏற்ற வேண்டிய பாவு நூல் வந்தது. அடுத்த தேதியில் மார்கழி. மூன்றாவது தேதி 2018 ஜனவரி 22, திங்கட்கிழமை என்று நின்றது.

இதற்கிடையில் ஊரும் கெட்டுப்போயிருந்தது. நாச்சிமுத்துவுக்கு நடந்தது தனக்கு நடக்கக் கூடாது என்று ஒவ்வொரு வீட்டிலும் வயிறு விசாரித்த பண்டங்களை நிறுத்தினார்கள். குழந்தைகளுக்குப் புதிதாக எதையும் காட்டவில்லை. அரிசி, பால், பிஸ்கட், வாழைப்பழம் என்று நான்கையே சுற்றிச்சுற்றிக் கொடுத்தார்கள். நான்கை மட்டும் அறிந்த வயிறு ஐந்தாவதைப் பார்த்து யாரு என்றது. ஐந்தாவதைத் தடுத்தார்கள். வயிறு நான்காவதையும் மறந்தது. கீரை விற்கிறவள் தெருவுக்குள் வருவதை விட்டுவிட்டாள். தைப் பொங்கலுக்குக் கரும்பு கடித்த பிள்ளைகளின் வயிறுகள் சேர்ந்து யாரு யாரு என்று விசாரித்தது தவளைச் சத்தம் மாதிரி வாய்க்கால் வரைக்கும் கேட்டது.

ஆஸ்பத்திரித் தேதிக்கு முந்தின நாள், ஜனவரி 21, ஞாயிற்றுக்கிழமை, நாச்சிமுத்துவை ராசியாக்குவதற்கு ஒரு விருந்து என்று பங்காளிகள் பேசி முடித்தார்கள். நிபந்தனை ஒன்றுதான்: அவர் வீட்டுத் தயிரைக் கோகிலவாணி உண்ண வேண்டும், வயிறு வாங்க சொல்ல வேண்டும், அன்று அவரோடு எழுந்துபோன நாற்பத்திரண்டு பேரும் கேட்க வேண்டும்.

'ஒரு நாள் தள்ளி வெச்சுக்கலாமுங்க,' என்றாள் அவள். 'கோயமுத்தூர் போயிட்டு வந்தர்றன்.'

'அங்க போயி உனக்கொண்ணு ஆச்சுன்னா, அண்ணன் இல்லாம நான் எப்படி வாசல்ல நிப்பன்?' என்றார் மாராத்தாள். 'நாளைக்கு எனக்கு ஆச்சுன்னா கோடி போட ஆரு வருவாங்க? உன்னக் கும்பிட்டுக் கேக்கறன் கண்ணு.' கும்பிடவும் செய்தார். மாமியார் கும்பிட்ட பிறகு அந்த வீட்டில் பேச ஒன்றும் மிச்சமில்லை.

விருந்து பூபதியின் தறிக்கூடத்தில் நடந்தது. தறிகளை நிறுத்தி, நடுவில் பாய் விரித்து, இலை போட்டார்கள். நாச்சிமுத்துவின் மனைவி தன் கையாலேயே தயிர் ஊற்றினார். கோகிலவாணியின் வளையல்கள் முழங்கை வரை சறுக்கி இறங்கின. அவளுக்கு இடப்பக்கத்து இலையில் பூபதி. எதிரில் நாச்சிமுத்து, இன்னும் கை வைக்காத இலையோடு.

அவள் விழுங்கினாள். நாற்பத்திரண்டு பேரும் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

'வாங்க,' என்றது ஆண் குரல்.

பூபதியின் வாய் அசையவில்லை. தாடை அசையவில்லை. ஆனால் அது அவன் குரல்தான் என்பது சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்தது. அர்த்தனாரி சாம்பார் வாளிக்குள் எதையோ தேடினார். ஒரு பங்காளி இருமினார். நாச்சிமுத்து பூபதியை வெகுநேரம் பார்த்தார், பிறகு தங்கையைப் பார்த்தார். மாராத்தாள் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

'கேட்டுச்சு,' என்றார் நாச்சிமுத்து.

எல்லோரும் கேட்டுச்சு, கேட்டுச்சு என்றார்கள். அவர் உண்டு முடித்து, இலையைத் தன் பக்கம் மடித்து, எழுந்துவந்து கோகிலவாணியின் தலையில் கை வைத்தார். அந்த வாங்கவின் அடியில் அவள் வயிறு மூன்று தடவை யாரு என்று கேட்டிருந்தது. அதைக் கேட்டவர்கள் அவளும் பூபதியும்தான்.

சாயங்காலம் பாயைச் சுருட்டிக்கொண்டே அவள் கேட்டாள்: 'நீங்க எதுக்குங்க சொன்னீங்க?'

'உனக்காகத்தான்.'

'நாளைக்கு ஆஸ்பத்திரி இருக்குதுங்க.'

அவன் தறியில் அறுந்த இழை ஒன்றை முடிச்சுப் போட்டான். 'வயிறு சரியாப்போச்சுன்னு ஊரே சொல்லுது. இப்பக் குழாய் விட்டுப் பாக்கப் போறோம்னா மாமன் என்ன நெனப்பாரு? அன்னிக்குச் சொன்னது ஆருன்னு ஊர் கேக்குமில்ல?'

'எல்லாத்துக்கும் தெரியுமுங்க.'

'தெரியறது வேற. கேக்கறது வேற.'

ஜனவரி 22 போயிற்று. பதினோராவது நாள், பிப்ரவரி 1, பகல் இரண்டு மணிக்கு, தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். வயிறு பலகை மாதிரி இறுகியிருந்தது. அது கேள்வி எதுவும் கேட்கவில்லை. கோயமுத்தூரில் அன்றைக்கே அறுத்தார்கள். பெருங்குடல் ஓட்டை விழுந்திருந்தது, முழுவதையும் எடுத்தார்கள். சிறுகுடலின் நுனியைத் தொப்புளுக்கு வலப்பக்கம் வெளியே கொண்டுவந்து தைத்து, அதன் மேல் ஒரு பை ஒட்டினார்கள். இருபத்தாறு நாள் கழித்து வீட்டுக்கு வந்தாள். நாச்சிமுத்து ஆப்பிளோடு வந்து பார்த்துவிட்டுப் போனார். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

அவள் வயிறு அதற்குப் பிறகு பேசவில்லை. சோறு போனது, பையில் இறங்கியது, அவ்வளவுதான். பூபதி வேறு விதமாக மாறினான்: வீட்டுக்கு வந்தவர்களைக் கண்டால் கை கூப்புவான், நாற்காலி எடுத்துப் போடுவான், வாயைத் திறந்து வாங்க சொல்ல மாட்டான். தறிச் சத்தத்தில் காது போய்விட்டது என்று சிலர் சொன்னார்கள். சிலர் வருவதை நிறுத்தினார்கள்.

ஆனால் ஊர், அவன் செய்ததில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது. தயிருக்குக் குரல் கொடுத்தான், சண்டை தீர்ந்தது; மிச்சம் பதினோரு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் நடந்தது, அது வேறு விஷயம். விசாரிக்கிற வயிறுகள் அந்த ஆடிக்குள் ஒன்பது என்றும், அடுத்த தைக்குள் முப்பத்தொன்று என்றும் ஆயின. ஒவ்வொன்றுக்கும் பக்கத்து இலையில் ஒருத்தர் உட்கார்ந்து வாய் திறக்காமல் வாங்க சொன்னார். பெண் குரல், ஆண் குரல், குழந்தைக் குரல் என்று மூன்றும் தெரிந்த ஒரு மைக்செட்காரருக்கு முகூர்த்த நாட்களில் நிற்க நேரமில்லை. பந்தி அமைதியாக நடந்தது. அந்த முப்பத்தொன்றில் எத்தனை வெறும் பழக்கமின்மை, எத்தனைக்கு ரத்தம் போனது என்று யாரும் கேட்கவில்லை. நான்கு பேர் மெலிந்தார்கள். ஒருத்தர் இறந்தார், வயதாகிவிட்டது என்றார்கள்.

2019 ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை, அதே செல்லாண்டியம்மன் மண்டபத்தில் இந்துமதிக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீட்டார் அறுபது பேர், தாராபுரம் பக்கத்துக்காரர்கள், பந்திக்கு உட்கார்ந்துவிட்டார்கள். வாசலில் கோகிலவாணி சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்தாள். பூபதி பக்கத்தில் கை கூப்பிக்கொண்டு நின்றான். சமையற்கட்டுப் பக்கமிருந்து நாச்சிமுத்து வந்து அவன் தோளைத் தொட்டார்.

'மாப்ள, காத்தால ஊட்டுல புள்ள தயிர் குடிச்சா. அது யாருன்னு கேட்டுப்போடுச்சு. மைக்செட்டுக்காரன் சத்தியமங்கலம் போயிட்டான். நீங்க அன்னிக்குச் சொன்னாப்பல ஒருக்காச் சொல்லிப்போடுங்க. கொஞ்சம் பொம்பளக் கொரலாட்டம்.'

அன்றைக்குச் சொன்னது யார் என்று அவர் வாயால் சொன்னது அதுவே முதல் தடவை. பூபதி வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. அவன் மனைவியைத்தான் பார்த்தான்.

கோகிலவாணி சந்தனக் கிண்ணத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு மணமகள் அறைக்குப் போனாள். இந்துமதி கண்ணாடி முன் உட்கார்ந்திருந்தாள். பட்டுச் சேலையின் கொசுவத்தை இரண்டு இடத்தில் ஊக்குப் போட்டு இறுக்கியிருந்தார்கள்.

'எத்தன நாளாப் போகுது கண்ணு?'

'எதுங்கக்கா?'

'ரத்தம்.'

பெண் கண்ணாடியிலேயே அவளைப் பார்த்தாள். இரண்டு வருஷத்தில் கோகிலவாணியிடம் ஊரில் யாரும் கேட்காத கேள்வி அது. கேட்டவுடன் பதில் வந்துவிட்டது.

'சித்திர நோம்பிக்கு முன்னாலருந்துங்கக்கா.'

'நாளைக்கு எத்தன தடவ?'

'ஏழு. நேத்து ஒம்பது.'

'உங்கம்மாளுக்குத் தெரியுமா?'

'சூடுன்னாங்க.'

கோகிலவாணி வெளியே நாச்சிமுத்துவிடம் வந்தாள். 'பெரியப்பா, காரை எடுக்கச் சொல்லுங்க. கோயமுத்தூர் போகோணும்.'

'அம்முணி, அறுபது பேரு எலைல உக்காந்திருக்கறாங்க.'

'நானும் இப்படித்தான் ஒரு எலைல உக்காந்திருந்தனுங்க.'

அவள் முந்தானையை விலக்கி, சேலைக்கு மேலேயே, பை இருக்கும் இடத்தில் தன் கையை வைத்துக் காட்டினாள். ஊரே அறிந்தும் யாரும் பார்க்காத இடம் அது.

'நீங்க போங்க. அவிங்களுக்கு நான் பதில் சொல்லிக்கறன்.'

பூபதி கிண்ணத்தை மேஜையில் வைத்துவிட்டுச் சாவியை எடுத்தான். கார் பின்வாசல் வழியாகப் போனது, பட்டுச் சேலையோடு இந்துமதி, அவள் அம்மா, முன்னால் நாச்சிமுத்து. கோகிலவாணி பந்திக்குள் போய், பொண்ணுக்குக் குடலில் நோய், ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள், நீங்கள் சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று சொன்னாள். யாரோ அவளுக்கு இப்படிச் சொல்ல அதிகாரம் கொடுத்தது யார் என்று கேட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா இலையை எதிர்ப்பக்கம் மடித்தார். பதினைந்து நிமிஷத்தில் அறுபது இலையும் எதிர்ப்பக்கம் மடிந்திருந்தன. அர்த்தனாரி பாயசத்தை இறக்கி வைத்துவிட்டு, ஒரு டம்ளர் அவளுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்.

'வாங்க,' என்றாள் அவள், அவரைப் பார்த்து.

அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. டாக்டர் ஹமீதா அடுத்த நாளே குழாய் விட்டுப் பார்த்தார். புண்கள் இருந்தன, ஓட்டை இல்லை. காவலை அடக்கும் மருந்து தொடங்கினார்கள். குடல் எதையும் எடுக்கவில்லை. பக்கத்து இலைக் குரலோடு உண்டுகொண்டிருந்தவர்களில் ஆறு பேர் அந்த ஆடிக்குள் கோயமுத்தூருக்குப் போய்வந்தார்கள். மற்றவர்கள் போகவில்லை.

2020 பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை, இந்துமதிக்கு அவிநாசி மாப்பிள்ளையோடு கல்யாணம் நடந்தது. வாசலில் வாங்க சொன்னவள் கோகிலவாணி. முதல் பந்தியில் தயிர் வந்தபோது மணப்பெண்ணின் வயிறு ஒரு தடவை 'யாரு?' என்று கேட்டது. எதிர் இலையில் இருந்த நாச்சிமுத்து தலையை நிமிர்த்தாமல், 'நம்மூட்டுத் தயிருதாஞ் சாமி' என்றார். பந்தி நடந்தது.